திரையில் தெரியாத சம்மனசு

புதுச்சேரியில் கப்ஸ் கோயிலைத் தேடிக் கடற்கரைப் பக்கமாக வருகிறவர்களின் கண்ணில் கோயிலுக்கு முன்பே படுவது ஒரு பெண்ணின் வெள்ளைப் பளிங்குச் சிலை. அதன் முன் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அவள் யாரென்று தெரியும்? ஜோன் ஆஃப் ஆர்க். இந்த ஊரின் பழைய பிரெஞ்சு வாத்தியார்கள் வாயில் ழான் தார்க். 15ஆம் நூற்றாண்டில் தோம்ரெமி என்ற கிராமத்தில் பிறந்த உழவர் மகள். எழுத்து தெரியாது. 17 வயதில் படையோடு போய், ஓர்லேயான் நகரை வளைத்திருந்த ஆங்கிலேயரைக் கலைத்தாள். 19 வயதில் ரூவான் நகரச் சந்தையில் உயிரோடு எரிக்கப்பட்டாள். இதையெல்லாம் செய்யச் சொன்னது யார் என்று கேட்ட நீதிபதிகளிடம், முதலில் தன்னிடம் வந்ததாக அவள் சொன்னது மிக்கேல் சம்மனசை, அதாவது தேவதூதரை.

அவளுக்கு எதிரே துய்மா வீதியில் இருக்கும் கோயில் 1855இல் கட்டி முடிக்கப்பட்டது. கப்புசின் சபைச் சாமியார்களின் கோயில் என்பதால் ஊர் வாயில் கப்ஸ் கோயில் ஆயிற்று. அதன் முறையான பெயர் சம்மனசுகளின் மாதா கோயில். சம்மனசு பேசியதைக் கேட்டேன் என்று சொல்லி உயிரைவிட்ட பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் கிடைத்திருக்காது. 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆங்கிலேயரை விரட்டிய பெண்ணின் மீது இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தனிப் பாசம் இருந்ததில் வியப்பில்லை. வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. அந்நியன் வெளியேற வேண்டும் என்று சம்மனசு சொன்னதாக நம்பிய பெண்ணை, அந்நியன் ஆண்ட ஊரில் அந்நியனே கொண்டாடினான். 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றதும் அதே ஆட்சிதான்.

அரசியலை வரலாற்று ஆசிரியர்களுக்கு விட்டுவிடலாம். இந்தக் கட்டுரையின் கவலை சினிமா. திரைக்கலை பிறந்து ஐந்து வருடம் ஆவதற்குள், 1900இல், பிரான்சின் ஜார்ஜ் மெலியஸ் ஜோன் கதையைப் பத்து நிமிடப் படமாக எடுத்துவிட்டார். அன்று முதல் நூறு வருடத்துக்கு மேலாக நடிகைகள் மாறி மாறி அவளாகி எரிந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேடையிலும் ஹாலிவுட்டிலும் இத்தாலியிலும் அந்த வேடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அவரை ஒரு தேசமே முதலில் புனிதை ஆக்கியது, பிறகு கல்லெறிந்தது. இங்க்ரிட் பெர்க்மன்.

இந்த வேடத்தின் கஷ்டம் என்னவென்றால், எதிரே நின்று நடிக்க வேண்டிய முக்கியமான பாத்திரம் கண்ணுக்குத் தெரியாது.

றெக்கை இருந்ததா?

ஜோனின் வழக்குப் பதிவேடு இன்றும் இருக்கிறது. 1431 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணையின் கேள்வி பதில்கள் முழுக்கப் பதிவாகியுள்ளன. உலக இலக்கியத்தில் எந்த நாடக ஆசிரியனும் எழுதியிராத வசனங்கள் அதில் உண்டு. 13 வயதில், கோடைக்காலத்து நடுப்பகலில், அப்பாவின் தோட்டத்தில் முதன்முதலாகக் குரல் கேட்டதாகச் சொல்கிறாள். பிறகு மிக்கேல் வந்தார், அவரோடு வேறு சம்மனசுகளும் வந்தார்கள், எதிரில் இருக்கும் உங்களை எப்படிப் பார்க்கிறேனோ அப்படியே இந்தக் கண்ணால் பார்த்தேன் என்கிறாள். நீதிபதிகள் படித்த பெரியவர்கள், பாரீஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள். அவர்களை அது அரித்தது. மிக்கேல் அம்மணமாக வந்தாரா என்று கேட்கிறார்கள். அவருக்குத் துணி கொடுக்க ஆண்டவரிடம் வசதி இல்லை என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறாள். தலைமுடி இருந்ததா என்கிறார்கள். அதை எதற்கு வெட்ட வேண்டும் என்கிறாள். அவளுக்குத் தோன்றிய மார்கரெத் புனிதை ஆங்கிலம் பேசினாரா என்று ஒரு கேள்வி. ஆங்கிலேயர் பக்கமே இல்லாதவர் எதற்கு ஆங்கிலம் பேச வேண்டும் என்பது பதில்.

விசாரணைக்குத் தலைமை வகித்தவர் ஆயர் பியேர் கோஷோன். ஆங்கிலேயரின் ஆள். மே மாதம் சிதையைக் காட்டி மிரட்டியபோது ஜோன் ஒருமுறை தடுமாறி, குரல்கள் எல்லாம் பொய் என்று எழுதிய காகிதத்தில் குறி போட்டுக் கொடுத்தாள். நாலைந்து நாளில் அதைத் திரும்பப் பெற்றாள். மே 30 காலையில் எரித்தார்கள். 25 வருடம் கழித்து, 1456இல், அதே திருச்சபை மறுவிசாரணை நடத்தித் தீர்ப்பை ரத்து செய்தது. 1920இல் புனிதைப் பட்டமும் கொடுத்தது. எரித்த கை மாலை போட்டது என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறார்கள் பலர். நடிகைக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்தான். ஒரு நாள் தான் பார்த்ததையே இல்லை என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உண்டு என்று சொல்ல எப்படிப்பட்ட முகம் வேண்டும்?

மெலியஸ் அந்தச் சிக்கலுக்குள் போகவில்லை. அவர் மேஜிக் வித்தைக்காரர். காட்டுக்குள் மிக்கேலும் புனிதைகளும் தோன்றுகிறார்கள், படத்தின் கடைசியில் ஜோன் சொர்க்கத்துக்கே போய்ச் சேர்கிறாள். 1916இல் செசில் பி. டிமில் எடுத்த ஹாலிவுட் படத்தில் ஓபரா பாடகி ஜெரால்டின் ஃபாரர் நடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பிரெஞ்சு அரச முத்திரையான லில்லி மலர் ஒளியால் எழுகிறது. கூட்டம் கைதட்டியிருக்கும். நமக்கும் இது பழக்கமான கலைதான். புராணப் படங்களில் ஒரு கை சொடுக்கில் சாமி வந்து நிற்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

மேக்கப் இல்லாத முகம்

1928இல் டென்மார்க்காரர் கார்ல் தியடோர் ட்ரையர், பிரான்சில் ஒரு ஊமைப்படம் எடுத்தார். பதிவேட்டை அடிப்படையாக வைத்து, மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாளுக்குள் சுருக்கினார். ஜோன் வேடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது ரெனே ஃபால்கொனெட்டியை. பாரீஸ் மேடைகளில் இலேசான நகைச்சுவை நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவர், 35 வயது. அவர் முகத்தில் பவுடர்கூடப் போட விடவில்லை ட்ரையர். பெரும் செலவில் கோட்டை மதிலோடு செட் போட்டுவிட்டு, அதை ஏறக்குறைய காட்டாமலேயே படம் முழுக்க முகங்களைக் காட்டினார். தயாரிப்பாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கடைசியில் ஜோனின் தலையை மழிக்கும் காட்சியில் நடிகையின் முடியை நிஜமாகவே மழித்தார்கள்.

றெக்கை இருந்ததா, கிரீடம் இருந்ததா என்ற கேள்விகள் எல்லாம் இந்தப் படத்தில் வருகின்றன. சம்மனசு வருவதில்லை. ஃபால்கொனெட்டியின் கண் கேள்வி கேட்டவரிடமிருந்து விலகி, சட்டகத்துக்கு வெளியே எங்கேயோ போகிறது. பிறகு மெல்ல ஒரு சிரிப்பு. அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சிறையறையின் ஜன்னல் கம்பிகள் தரையில் சிலுவை நிழலாக விழ, அதைப் பார்த்து அவள் முகம் மலர்கிறது. உள்ளே நுழையும் பாதிரியாரின் நிழல் அந்தச் சிலுவையை அழிக்கிறது. ஒரு சாமி, ஒரு பூதம் கிடையாது. வெறும் நிழல்.

படத்துக்கு நேர்ந்த கதி ஜோனுக்கு நேர்ந்ததற்குக் குறைந்ததல்ல. பாரீஸ் பேராயர் தரப்பின் நெருக்கடியில் வெட்டுப்பட்டது. மூல நெகட்டிவ் அதே 1928 டிசம்பரில் பெர்லினில் தீயில் போயிற்று. விட்டுப்போன காட்சிகளை வைத்து ட்ரையர் கோத்த இரண்டாவது நெகட்டிவும் எரிந்தது. அரைகுறைப் பிரதிகள்தான் அரை நூற்றாண்டு சுற்றின. 1962இல் கோதார் தன் படம் ஒன்றில் அன்னா கரீனாவைத் திரையரங்கில் உட்காரவைத்து ஃபால்கொனெட்டியைப் பார்த்து அழவைத்தாரே, அவர்கள் பார்த்ததும் அப்படிப்பட்ட பிரதிதான். 1981இல் நார்வேயின் ஓஸ்லோ நகருக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில், டென்மார்க்கில் முதன்முதலாகத் திரையிட்ட முழுப் பிரதி கிடைத்தது. ஃபால்கொனெட்டி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1946 டிசம்பரில் அர்ஜென்டினாவில் இறந்துவிட்டார்.

அவர் இறந்த அந்த மாதத்தில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் தினமும் ஜோனாக நின்றுகொண்டிருந்தவர் பெர்க்மன்.

பத்து வருடக் காத்திருப்பு

1915 ஆகஸ்ட் 29 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தவர் இங்க்ரிட் பெர்க்மன். குழந்தையாக இருக்கும்போதே தாய் போனார். பதின்பருவத்தில் தந்தையும் போனார். கூச்சம் மிகுந்த அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே ஜோன் மீது ஒரு பித்து. கூச்சப்படும் ஒரு கிராமத்துப் பெண், உள்ளே கேட்ட குரலை நம்பி அரசன் முன்னால் போய் நின்றாளே என்ற பித்து. 1939இல் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துவந்தபோது, ஜோன் படம் எடுப்பதாகப் பேச்சு இருந்தது. உலகப் போர் வந்தது. பிரிட்டன் நட்பு நாடாக இருக்கும்போது ஆங்கிலேயர் கையில் மாட்டிக்கொண்டு எரிந்த பெண்ணின் கதையை எவன் எடுப்பான்? கிடப்பில் போட்டார்கள். நடுவே 'காஸாபிளாங்கா', முதல் ஆஸ்கர் தந்த 'கேஸ்லைட்', கன்னியாஸ்திரீயாக நடித்த 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்' என்று பெர்க்மன் உச்சத்துக்குப் போய்விட்டார். ஜோனை மறக்கவில்லை.

1946இல் மாக்ஸ்வெல் ஆண்டர்சன் 'ஜோன் ஆஃப் லொரேன்' நாடகத்தோடு வந்தார். ஒரு நாடகக் குழு ஜோன் கதையை ஒத்திகை பார்க்கிறது, நடிகைக்கும் இயக்குநருக்கும் பாத்திரத்தைப் பற்றி வாக்குவாதம். அதுதான் நாடகம். பிராட்வேக்குப் போகும் முன் வாஷிங்டனில் வெள்ளோட்டம். அங்கே போன பிறகுதான் அந்த அரங்கில் கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை என்று பெர்க்மனுக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று பத்திரிகையாளர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். 1946இல், அமெரிக்கத் தலைநகரில், ஒரு வெளிநாட்டு நடிகை! நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. 1947இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட டோனி விருதுகளில் சிறந்த நடிகைகளில் ஒருவராக அவர் பெயரும் வந்தது.

அடுத்து சினிமா. பெர்க்மனும், 'கான் வித் த விண்ட்' புகழ் விக்டர் ஃப்ளெமிங்கும், தயாரிப்பாளர் வால்டர் வாங்கரும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கி, சுமார் 46 லட்சம் டாலரைக் கொட்டினார்கள். நாடகத்துக்குள் நாடகம் என்ற சுவையான அமைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நேர்க்கதையாக எடுத்தார்கள். டெக்னிகலரில் 145 நிமிடம். 1948 நவம்பரில் வெளியானது. ஒளிப்பதிவுக்கும் உடையலங்காரத்துக்கும் ஆஸ்கர். பெர்க்மனுக்குப் பரிந்துரை மட்டும். சிறந்த படத்துக்கான பட்டியலில் சேர்க்கவில்லை என்ற கோபத்தில், தனக்குத் தந்த சிறப்பு ஆஸ்கரை வாங்கர் வாங்க மறுத்துவிட்டார். ஃப்ளெமிங் 1949 ஜனவரி 6 அன்று மாரடைப்பில் இறந்தார். படத்தைப் பிற்பாடு 100 நிமிடமாக வெட்டி ஓட்டினார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். படம் கனமான கவசம் போட்டுக்கொண்டு நடக்கிறது. 17 வயதுப் பெண்ணாக வரும் பெர்க்மனுக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. போர்க்களத்தில் புழுதி பறக்கிறது, அவர் கன்னத்தில் ஒட்டுவதில்லை. ஆனால் கடைசி நாற்பது நிமிடம், சிறையும் விசாரணையும், வேறு படம். அங்கே கவசமும் குதிரையும் கூட்டமும் போய்விட, ஒரு நடிகையும் ஒரு சுவரும் மிஞ்சுகின்றன. குரல்கள் நமக்குக் கேட்பதில்லை. அவை அவரை விட்டுப்போன நாட்களின் பதற்றமும், மறுபடி கேட்டபோது வரும் அமைதியும் அந்தக் கண்ணில் தெரிகின்றன. சம்மனசு வந்த காட்சியைவிட வராத காட்சியை பெர்க்மன் நன்றாக நடித்தார் என்பேன்.

அந்தக் காலத்தில் பெர்னார்ட் ஷா அவரைச் சந்தித்து, ஜோனைப் பற்றிய என் நாடகத்தை ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். உங்கள் ஜோன் ரொம்ப அறிவாளி, பிடிக்கவில்லை என்ற பொருளில் அவரிடமே சொல்லிவிட்டார் பெர்க்மன். ஷா முன்னால் இதைச் சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

அதே வருடம் தமிழில்

1948 என்றதும் தமிழ் சினிமா ரசிகர்களுக்கு நினைவு வர வேண்டிய இன்னொரு படம் உண்டு. சிட்டாடல் நிறுவனத்தின் 'ஞானசௌந்தரி'. எம்.வி. ராஜம்மா நாயகி, டி.ஆர். மகாலிங்கம் நாயகன், எஃப். நாகூர் இயக்கம். சிற்றன்னையின் சூழ்ச்சியால் காட்டில் இரண்டு கையையும் வெட்டிவிடப்பட்ட இளவரசிக்குத் தேவமாதாவின் அருளால் கை திரும்ப வரும் கதை. ஐரோப்பாவில் பிறந்து, கத்தோலிக்கர்களோடு கடல் தாண்டி, நம் கூத்து மேடையில் குடியேறிவிட்ட கதை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களின் வரிசையிலும் ஞானசௌந்தரி உண்டு. அந்த சுவாமிகள் 1922இல் மறைந்து, அடக்கமாகியிருப்பது இதே புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில்.

படத்தில் மாதாவை நோக்கிப் பாடும் பாட்டை ஜிக்கி சிறுமிக்காகத் தொடங்க, பாட்டு முடிவதற்குள் சிறுமி குமரியாகி, குரல் பி.ஏ. பெரியநாயகியுடையதாக மாறுகிறது. தமிழ்நாட்டில் மதம் பார்க்காமல் பாடிய பாட்டு அது. ராஜம்மாவை இன்று 'கர்ணன்' படத்துக் குந்தியாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். கையில்லாத பெண்ணாக, முகத்தையும் தோளையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் நடித்ததை யாரும் பேசுவதில்லை. பெர்க்மனின் சம்பளத்தில் நூறில் ஒரு பங்குகூட அவர் பார்த்திருக்க மாட்டார். ஆனால் வேலை ஒன்றுதான்: வானத்தை நோக்கி ஒரு முகத்தைத் திருப்பி, அங்கிருந்து பதில் வரும் என்று கொட்டகை முழுவதையும் நம்பவைப்பது.

நம் சினிமா இதற்குப் பிறகு வேறு வழியில் போனது. நம் கதைகளில் வானத்துப் பெண் பேசிவிட்டுப் போவதில்லை, அவளே இறங்கி வந்து நாயகியாகிவிடுகிறாள். 1961இல் கே.வி. ரெட்டியின் 'ஜகதேகவீருனி கதா'வில் இந்திரன் மகளாக பி. சரோஜாதேவி. சேலையை ஒளித்துவைத்தால் அவளால் மேலே போக முடியாது. 1990இல் கே. ராகவேந்திர ராவின் 'ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி'யில் சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டியின் ஸ்ரீதேவி. இங்கே சேலைக்குப் பதில் மோதிரம். மானசரோவரில் அது தொலைந்து, சிரஞ்சீவி கையில் கிடைக்கிறது. இசை இளையராஜா. தமிழில் 'காதல் தேவதை' என்று மொழிமாற்றி வந்தது. பூமியின் பசியும் பொய்யும் புரியாமல் விழிக்கும் இந்திரஜாவை ஸ்ரீதேவி குழந்தைத்தனத்தில் விழாமல், கம்பீரமும் குறும்பும் கலந்து நடித்தார். 1969இல் 'துணைவன்' படத்தில் சிறு வயதிலேயே முருகனாக நின்றவருக்குத் தேவலோகம் புதிதல்லவே. மோதிரத்தைத் தேடி வந்தவள் கடைசியில் மண்ணிலேயே தங்கிவிடுகிறாள். தங்குவதா போவதா என்ற இழுபறியில்தான் நடிப்புக்கு இடம். ஜோன் வேடத்தில் அந்த இடம், கேட்ட குரலை உண்டு என்பதா இல்லை என்பதா என்ற இழுபறி.

புனிதையைக் கல்லால் அடித்தவர்கள்

1948இல் பெர்க்மன் இத்தாலிய இயக்குநர் ரொபெர்ட்டோ ரோசலினியின் 'ரோம் திறந்த நகரம்' பார்த்து மனம் பறிகொடுத்து, உங்கள் படத்தில் நடிக்க வருகிறேன் என்று கடிதம் எழுதினார். 1949இல் கணவரையும் மகளையும் அமெரிக்காவில் விட்டு இத்தாலி போனார். அங்கே காதல். 1950 பிப்ரவரியில், திருமணத்துக்கு முன்பே, ஆண் குழந்தை. அடுத்த மாதம் அமெரிக்க செனட் சபையில் எட்வின் ஜான்சன் என்ற உறுப்பினர் எழுந்து, தீமையின் வலுவான சக்தி என்று அவரைச் சாடினார். மற்ற நடிகைகளின் காதலுக்கு இப்படிக் கொந்தளிக்காத நாடு இவருக்கு ஏன் கொந்தளித்தது? கன்னியாஸ்திரீயாகவும் ஜோனாகவும் பார்த்து, இவரை நிஜமாகவே புனிதை என்று நம்பிவிட்டார்கள். சம்மனசோடு பேசும் வேடம் போடுகிறவர் சம்மனசாகவே வாழ வேண்டும் என்பது ரசிகனின் விதி. கே.ஆர். விஜயா அம்மன் வேடம் போட்ட காலத்தில் கும்பிட்ட நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அந்த வெளியேற்றத்தின் நடுவில் பெர்க்மன் மறுபடியும் ஜோன் ஆனார். பிரெஞ்சுக் கவிஞர் போல் குளோடல் எழுதி, அர்த்யூர் ஒனேகர் இசையமைத்த 'சிதையில் ஜோன்' என்ற இசைநாடகம். 1953 டிசம்பரில் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் ரோசலினி அதை மேடையேற்றினார். மிலான், பாரீஸ், லண்டன், ஸ்டாக்ஹோம் என்று ஊர் ஊராகப் போனது. 1954இல் அதையே படமாக்கினார். ஜோனின் ஆவி வானத்தில் இருக்கிறது. கீழே பூமி. தொமினிக் சாமியார் புத்தகத்தோடு வர, அவள் தன் வாழ்க்கையைப் பின்னாலிருந்து முன்னாகப் பார்க்கிறாள். நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பன்றி, எழுத்தர் கழுதை, நடுவர்கள் ஆடுகள். இந்தப் படத்தில் விண்ணுலகம் கண்ணெதிரே தெரிகிறது, அட்டை வானமும் துணி மேகமுமாக. எதார்த்தவாதப் படங்களின் தந்தை இப்படி எடுத்துவிட்டாரே என்று விமர்சகர்கள் கைவிட்டார்கள். படம் ஓடவே இல்லை. அதே 1954இல், நவம்பர் 1 அன்று, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

என் கட்சி ரோசலினி படத்தின் பக்கம். 1948 ஜோனில் பெர்க்மன் ஒரு பக்தை. 1954 ஜோனில் அவர் கூட்டத்தின் கூச்சலைக் காதால் கேட்டவர். தன்னைப் பன்றிகள் விசாரித்ததை உச்சியிலிருந்து பார்க்கும் ஜோனின் வியப்பில் கோபமே இல்லை. அதை நடிப்பதற்கு ஒருத்தியின் பெயர் செனட் சபையில் அடிபட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. ஸ்டாக்ஹோமில், சொந்த ஊரில், பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. மேடையிலேயே நின்று பதில் சொன்னார் பெர்க்மன்.

கதையில் இந்தியா வருவது இதற்குப் பிறகு. 1956 டிசம்பரில் ரோசலினி இந்தியா வந்து ஆவணப்படமும் 'இந்தியா மாத்ரு பூமி'யும் எடுத்தார். பம்பாயில் சொனாலி தாஸ்குப்தாவோடு காதலானார். பெர்க்மனின் திருமணம் 1957இல் முறிந்தது. அதற்குள் 'அனஸ்தேசியா'வுக்காக இரண்டாவது ஆஸ்கர் அவரைத் தேடி வந்திருந்தது. அவர் நேரில் போகாததால், நண்பர் கேரி கிராண்ட் வாங்கிக்கொண்டார். 1972இல் அதே செனட் சபையில் சார்ல்ஸ் பெர்சி என்ற உறுப்பினர் அவரிடம் வருத்தம் தெரிவித்துப் பேசினார். ஜோனுக்கு 25 வருடம் ஆயிற்று, பெர்க்மனுக்கு 22. 1982இல் தன் 67ஆவது பிறந்தநாளில் லண்டனில் இறந்தார்.

மற்ற ஜோன்கள்

பெர்க்மனுக்குப் பின் வந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாக. 1957இல் ஒட்டோ பிரெமிங்கர் பதினெட்டாயிரம் பேரில் இருந்து பொறுக்கி எடுத்த அயோவா மாநிலத்துப் பெண் ஜீன் செபெர்க், சிதைக் காட்சி படமாகும்போது நிஜமாகவே தீக்காயம் பட்டார். விமர்சகர்கள் படத்தையும் எரித்தார்கள். 1962இல் ரொபேர் ப்ரெஸ்ஸோன், நடிப்பே அறியாத ஃப்ளோரன்ஸ் தெலேயை வைத்து 65 நிமிடத்தில் பதிவேட்டை அப்படியே வாசிப்பதுபோல் எடுத்தார். கண்ணீர் கிடையாது, வானத்தைப் பார்ப்பது கிடையாது. அந்தப் பெண் பிறகு எழுத்தாளராகி பிரெஞ்சு அகாதமியில் இடம்பெற்றார். 1994இல் ஜாக் ரிவெத்தின் ஐந்து மணி நேரத்துக்கு மேலான படத்தில் சாந்த்ரின் பொன்னேர், குதிரை லாயத்தில் தூங்கி எழுந்த உழவர் மகளாகவே இருந்தார். இவர்களில் பெர்க்மனுக்கு அடுத்து எனக்குப் பிடித்தவர் அவர். 1999இல் லூக் பெஸ்ஸோன், மில்லா ஜோவோவிச்சை அலறவிட்டு, மனசாட்சி என்ற பெயரில் டஸ்டின் ஹாஃப்மனைக் கறுப்பு அங்கியோடு உட்காரவைத்தார். சம்மனசைக் காட்டியே தீருவேன் என்று கிளம்பியவர்கள் எல்லாம் அப்படியே வழுக்கியிருக்கிறார்கள். ரோசலினி ஒருவர்தான் தப்பினார், அதுவும் காட்டியது அட்டை என்று ஒளிக்காமல் காட்டியதால்.

புதுச்சேரிக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுப் பண்பாட்டை உணவகப் பலகைகளிலும் மஞ்சள் சுவர்களிலும் மட்டும் வைத்திருக்கும் ஊர் அல்ல இது. கப்ஸ் கோயிலில் இன்றும் பிரெஞ்சில் பூசை நடக்கிறது. அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. நவதர்ஷன் திரைப்படக் கழகம் இருக்கிறது. அரசு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சினிமா விருது கொடுத்து வருடம்தோறும் திரைப்பட விழா நடத்துகிறது. மே 30 ஜோனின் திருநாள். அந்த நாளில் ட்ரையரின் படத்தைத் திரையிடுங்கள். ஊமைப்படம்தான், வசன அட்டைகளைத் தமிழில் மாற்றுவதற்குப் பெரிய செலவு ஆகாது. நல்ல வயலின்காரர் ஒருவர் நேரில் வாசித்தால் இன்னும் நல்லது. கூடவே 'ஞானசௌந்தரி'யையும் போடுங்கள், அதை முதலில்.